கேம் போட்டால் மட்டும் கம்ப்யூட்டர் ஏன் படுத்துக்கொள்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

நெல்லை, தென்காசிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டு ஓடுகிறது, படம் ஓடுகிறது, டாலி ஓடுகிறது. சில கேம்கள் போட்டால் மட்டும் மெஷின் விழுகிறது. பலரும் காரணம் தெரியுமுன்பே மதர்போர்டு, ரேம் என்று காசைக் கொட்டிவிட்டு அப்புறம்தான் எழுதுகிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இந்த விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: அண்ணாச்சி, ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 கார்டு, 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ். கிரிக்கெட் கேம் விடிய விடிய ஓடுது. பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் ரெண்டு மட்டும் பத்து நிமிஷத்துல போயிருது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில மதர்போர்டை மாத்தணும்னு சொல்லுதாவ. மாத்திரலாமா?
— கல்லூரி மாணவர், பேட்டை

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், தம்பி. ‘போயிருது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போகிறது என்று எழுதவில்லை. பாதி விடை அதில்தான் இருக்கிறது.

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கிறதா? அப்படியென்றால் கேமின் ஃபைல், டிரைவர் (பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), ரேம், பிராசசர் இவற்றில் ஒன்றில் கோளாறு. திரை இரண்டு மூன்று விநாடி உறைந்து, கறுத்து, மறுபடி டெஸ்க்டாப் வருகிறதா? கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை ரீசெட் செய்யும்; அதுதான் இது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’ வந்து, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் அலற, பின்னணியில் சத்தம் மட்டும் கேட்கிறதா? கார்டையும் அதற்குப் போகும் பவர் கேபிளையும் பாருங்கள். ரீசெட் பட்டனை அழுத்தியது போல மெஷின் தானாகத் திரும்ப பூட் ஆனால் மின்சாரத்தின் மேல்தான் முதல் சந்தேகம். அடியோடு அணைந்து, பின்னால் உள்ள சுவிட்சைப் போட்டு எடுத்தால்தான் மறுபடி எழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, தன்னைக் காத்துக்கொள்ள டிரிப் ஆகியிருக்கிறது.

நீலத் திரை ஒரு நொடி வந்து மறைந்தால் அதைப் படிக்க வழி செய்யுங்கள். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி, அதில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும், போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மெமரி மேனேஜ்மென்ட் என்றிருந்தால் ரேமிலிருந்து தொடங்கலாம். வீடியோ டிடிஆர் என்றிருந்தால் கார்டும் டிரைவரும். வியா (WHEA) அன்கரெக்டபிள் என்றிருந்தால் பிராசசர் அல்லது அதற்குப் போகும் வோல்டேஜ்.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடித் திறந்தால் தேதிவாரியாகச் சிவப்புக் குறிகள் தெரியும். விழுந்த நேரத்துக் குறியைத் திறந்து பாருங்கள். கூடவே ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். அங்கே ‘கெர்னல்-பவர் 41’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளை போச்சு என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வரி சொல்வது ஒன்றுதான்: போன தடவை மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதே வரிதான் வரும். அதன் டீட்டெய்ல்ஸில் பக்செக்கோடு 0 என்று இருந்தால், நீலத் திரை போடக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது மின்சாரம், அடுத்து கார்டு என்று போங்கள். அதே நேரத்தில் ‘டிஸ்ப்ளே 4101’ இருந்தால் டிரைவர் ரீசெட் ஆகியிருக்கிறது. கேம் மட்டும் மூடுகிறதென்றால் சிஸ்டம் பகுதியை விட்டுவிட்டு அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணைத் தேடுங்கள். ‘ஃபால்டிங் மாட்யூல்’ எந்த ஃபைல் என்று அதில் இருக்கும். கார்டு கம்பெனியின் டிரைவர் ஃபைல் என்றால் டிரைவரைப் பாருங்கள். ஓரத்தில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டும் ஓவர்லே மென்பொருளின் ஃபைல் என்றால் அதை எடுத்துவிட்டாலே போதும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலின் பெயர் வந்தால் ரேமைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை உயர் வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, அணையுங்கள். ரேம் வேகம் குறையும், கேம் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. அதே கேமை அதே இடத்தில் ஓடவிடுங்கள். விழவில்லையென்றால் விவகாரம் ரேமின் வேகத்தில். உங்கள் 5600-க்கு ஏஎம்டி சொல்லும் ரேம் வேகம் 3200 வரைதான்; 3600 கிட் போட்டிருந்தால் அது ஓவர்கிளாக், அதாவது சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது. எல்லா பிராசசரும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

எக்ஸ்எம்பி அணைத்த பிறகும் விழுந்தால், பிராசசரையும் கார்டையும் பிரித்துப் பாருங்கள். பிராசசரைப் பிழியும் பிரைம்95 மென்பொருளில் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ அரை மணி நேரம். அதில் பிழை வந்தால் பிராசசர், அதன் சூடு, அதன் வோல்டேஜ். அது தாங்கினால் கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் பதினைந்து நிமிடம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஃபர்மார்க் சீராக ஒரே பாரத்தைத் தருகிறது. பாரம் அதிகம் என்பதால் கார்டு தன் கிளாக்கை, அதாவது ஓடும் வேகத்தை, தானே இறக்கிக்கொண்டு ஓடும். கேமில் அப்படியில்லை. ஒரு காட்சியில் பாரம் குறைவு, கிளாக் உச்சத்துக்கு எகிறும். அடுத்த நொடி வெடிப்பு, புகை, பாரம் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பலவீனமான கார்டு தடுக்கி விழுகிறது. ஆகவே ஃபர்மார்க் தாங்கியது என்பதற்காகக் கார்டுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ஏஎம்டி மென்பொருளிலோ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளிலோ கார்டின் உச்ச கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் இறக்கிவிட்டு அந்த இரண்டு கேமையும் ஓட்டுங்கள். விழுவது நின்றுவிட்டால் கார்டு கம்பெனி வைத்த ஓவர்கிளாக்கையே உங்கள் கார்டு தாங்கவில்லை. வாரண்டி இருந்தால் அதையே காரணமாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம்.

கிரிக்கெட் கேம் ஓடுவதும் அந்த இரண்டும் ஓடாததும் ஏன் என்று இப்போது புரியும். கேமுக்குக் கேம் பாரம் விழும் இடம் வேறு. ஒன்று தொடங்கும்போதே ஷேடர் (காட்சியை வரையும் சிறு புரோகிராம்) கம்பைல் செய்யப் பிராசசரின் எல்லா கோரையும் பிழியும். இன்னொன்று நடக்க நடக்க எஸ்எஸ்டியிலிருந்து ஊரையே இழுத்து ரேமில் போடும். மூன்றாவது ஒன்று மெனுவில் சும்மா நிற்கும்போதே விநாடிக்கு ஐந்நூறு ஃபிரேம் வரைந்து கார்டைக் கொதிக்க வைக்கும். எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டிப்போடுங்கள். மெனுவிலேயே விழுகிற கேம் பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிபடவில்லையென்றால்தான் மதர்போர்டு பேச்சு. அது வரிசையில் கடைசி.

கேள்வி: எங்க பக்கம் சாயங்காலம் லோ வோல்டேஜ். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ், 600 விஏ யூபிஎஸ். படம் பாக்கும்போது ஒண்ணும் இல்ல. கேம்ல மட்டும் டக்குன்னு ரீஸ்டார்ட் ஆகுது. வீட்டு இன்வெர்ட்டர்ல போட்டாலும் கரண்ட் போற நேரம் அணைஞ்சிருது.
— வாசகர், ஆலங்குளம்

பதில்: உங்கள் வீட்டில் மூன்று பலவீனங்கள் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எஸ்எம்பிஎஸ். பெட்டியில் 450 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட், அவ்வளவுதான். உங்கள் 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும். நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் அதற்கும் மேலே எகிறும். பிராசசர் தனி. என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்வது 550 வாட். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கட்டம் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கார்டின் 8 பின்னுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வரும் கேபிளைப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவரிலிருந்து 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட் தாங்கும். 8 பின் 150 வாட் கேட்கும். பிளாஸ்டிக் உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. போட்டிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

அடுத்து யூபிஎஸ். 600 விஏ என்பது பெரும்பாலான மாடல்களில் 360 வாட். மானிட்டரையும் சேர்த்தால் கேம் நேரத்தில் நீங்கள் அதன் விளிம்பில் நிற்கிறீர்கள். வோல்டேஜ் இறங்கி அது பேட்டரிக்குத் தாவும் அந்த நொடியில் பாரம் தாங்காமல் கையை விரிக்கிறது. வோல்டேஜ் நன்றாக இருக்கும் காலை நேரத்தில் யூபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவர் பிளக்கில் போட்டு அதே கேமை ஓட்டிப் பாருங்கள். விழவில்லையென்றால் யூபிஎஸ்தான். மாற்றும்போது 1000 விஏ-க்குக் குறையாமல், முடிந்தால் பியூர் சைன் வேவ் வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில, மலிவு யூபிஎஸ் தரும் கட்டை அலையை ஏற்காமல் அணைந்துவிடும். புது எஸ்எம்பிஎஸ் வாங்கிய பிறகு தொல்லை கூடியது என்று சிலர் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

இன்வெர்ட்டரில் ஒரு சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோட் – எக்கோ மோட் என்று. எக்கோவில் கரண்ட் போனால் மாறுவதற்குச் சுமார் 40 மில்லிசெகண்ட் ஆகும், யூபிஎஸ் மோடில் 10 சொச்சம். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தன் கெபாசிட்டரில் தாக்குப்பிடிப்பது முழு பாரத்தில் 16, 17 மில்லிசெகண்ட்தான். பாரம் குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். படம் பார்க்கும்போது தப்பிப்பதும் கேமில் விழுவதும் இந்தக் கணக்கால்தான். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். ஆனால் அந்த மோடில் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே அது பேட்டரிக்கு மாறிவிடும். ஊரெல்லாம் கிணற்று மோட்டார் ஓடும் நேரத்தில் பேட்டரி சீக்கிரம் தீரும், அதற்கும் தயாராக இருங்கள்.

எர்த்தையும் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? எர்த் சரியில்லை. வயரிங் தெரிந்தவரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாரம் இருக்கும்போது 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் சரள் மண், கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும்; வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் வித்தியாசம் தெரியும். லைட் ஒரு நேரம் பளிச்சென்று எரிந்து ஒரு நேரம் மங்கினால் நியூட்ரல் லூஸ். அப்போது கம்ப்யூட்டரை, ஃபிரிட்ஜை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஈபி ஆபீசுக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் அதை ஓடவிடக் கூடாது.

புதுசு வாங்கும் வரை ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 75 சதவீதத்தில் வையுங்கள். ஃபிரேம் சிறிதுதான் குறையும். ரீஸ்டார்ட் நின்றால் காரணமும் உறுதியாகிவிடும்.

கேள்வி: ஐயா, பையனோட கம்ப்யூட்டர் மாசம் ஒருக்க கெட்டுப்போகுது. கடையில ஒவ்வொரு தடவையும் ஃபார்மேட் பண்ணித் தாராங்க. ரெண்டு நாள் ஓடுது, மறுபடியும் அதே கதை.
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: இனி ஃபார்மேட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம், அம்மா. ஃபார்மேட் செய்த பிறகும் அதே கேமில் அதே மாதிரி விழுகிறதென்றால் கோளாறு விண்டோஸில் இல்லை, பாகத்தில் இருக்கிறது. கடைக்குக் கொடுக்கும்போது எந்த கேம், போட்டு எத்தனை நிமிடத்தில், எப்படி விழுந்தது என்று பையனை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த கேமையே போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகு கூலி கொடுங்கள். வீட்டில் இருக்கும் யூபிஎஸ்ஸையும் கூடவே கொண்டுபோங்கள். கடையில் நல்ல கரண்டில் ஓடிவிட்டு வீட்டில் விழும் மெஷின்கள் இந்த ஆற்றங்கரை ஊர்களிலும் உண்டு.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக ஐ7 13700கே வாங்கி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப கேம் போட்டா ‘வீடியோ மெமரி போதவில்லை’ன்னு இங்கிலீஷ்ல வந்து மூடிக்கிடுது. கார்டுல 12 ஜிபி இருக்கு. கார்டை மாத்தணுமா?
— வீடியோ எடிட்டர், வள்ளியூர்

பதில்: கார்டின் மேல் பழியில்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் இந்தச் செய்தி வந்தால் முதலில் பிராசசரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேம் தொடங்கும்போது ஷேடர்களை விரித்துக் கம்பைல் செய்வது பிராசசர். அது கணக்கில் தவறினால் கேமுக்குக் கிடைப்பது குப்பை. அதை வைத்து மெமரி கேட்டு, கிடைக்காமல், பழியைக் கார்டின் மேல் போடுகிறது.

இந்தத் தலைமுறைகளில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் சிப்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி உள்ளே தேய்ந்துபோகின்றன என்று 2024-இல் இன்டெலே சொல்லிவிட்டது. சரிசெய்ய மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் திருத்தக் கட்டளைகள்) வெளியிட்டார்கள்: 2024 ஆகஸ்டில் 129, செப்டம்பரில் 12பி, 2025 மே மாதத்தில் 12எஃப். இவை மதர்போர்டு கம்பெனியின் பயாஸ் அப்டேட்டில் வரும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் பிராசசர் விவரத்தில் இப்போது எது இருக்கிறது என்று தெரியும். 12பி-க்குக் கீழே இருந்தால் பயாஸைப் புதுப்பித்து, உள்ளே ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது, யூபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மைக்ரோகோடு இனி தேய்வதைத் தடுக்கும். தேய்ந்ததைத் திருப்பித் தராது. உங்கள் சிப் ஏற்கெனவே பழுதா என்று அறிய வழி இருக்கிறது. பயாஸில் பி-கோர் ரேஷியோவை (பெரிய கோர்களின் வேகப் பெருக்கு எண்ணை) எல்லா கோருக்கும் இரண்டு மூன்று படி இறக்குங்கள்: 53 என்றிருந்தால் 50. அந்தச் செய்தி வருவது நின்றால் சிப் பழுது என்பது ஏறக்குறைய உறுதி. இன்னொரு அடையாளம்: பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது சிஆர்சி பிழை (ஃபைல் சிதைந்தது என்ற செய்தி), என்விடியா டிரைவர் இன்ஸ்டால் பாதியில் நிற்பது. எடிட்டிங்கில் ரெண்டர் காரணமில்லாமல் அறுந்தால் அதுவும் இதே கணக்கில் சேரலாம்.

பெட்டியோடு வாங்கிய சிப் என்றால் வழக்கமான 3 வருட வாரண்டியோடு இன்டெல் இன்னும் 2 வருடம் கூட்டித் தந்திருக்கிறது. பில்லையும் பெட்டி மேல் உள்ள எண்ணையும் எடுத்துவைத்துக்கொண்டு மாற்றிக் கேளுங்கள். ரேஷியோவை இறக்கி ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள், வாரண்டி முடிகிற வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெட்டி இல்லாமல் டிரேயாக வாங்கியிருந்தால் விற்ற கடையிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், பென்டியம் ஜி2030. 1050 டிஐ கார்டு போட்டேன். பழைய கேம் எல்லாம் அருமை. புதுசு ஒண்ணு ரெண்டு கிளிக் பண்ணினா ஒரு செய்தியும் சொல்லாம மூடிக்கிடுது.
— வாசகர், முக்கூடல்

பதில்: உங்கள் பென்டியத்தில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி கிடையாது. அதைக் கேட்கும் கேம் முதல் அடியிலேயே நின்றுவிடும். ஈவன்ட் வியூவரில் பிழை எண்ணின் கடைசி நான்கு எழுத்து 001டி என்று முடிந்தால் இதுதான். கேமைத் திரும்ப ஏற்றுவதாலோ டிரைவரைப் புதுப்பிப்பதாலோ பயனில்லை. அதே போர்டில் பழைய ஐ5 3470 ஒன்றைப் போட்டால் ஏவிஎக்ஸ் வந்துவிடும். ஏவிஎக்ஸ்2 கேட்கும் கேம்களுக்கு 4-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 போல ஒன்று வேண்டும், அதற்குப் போர்டும் வேறு. வாங்கும் முன் சிபியு-இசட் மென்பொருளில் ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ வரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

4-ஆம் தலைமுறை ஐ5-ஐத் தனிக் கார்டு இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் டைரக்ட்எக்ஸ் 12-ஐப் பாதுகாப்புக் காரணத்துக்காக இன்டெலே தன் டிரைவர் அப்டேட்டில் நிறுத்திவிட்டது. கேமின் செட்டிங்கில் டைரக்ட்எக்ஸ் 11 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டு ஒண்ணு செகண்ட் ஹேண்டா வாங்கினேன். முதல்ல ஓடுச்சு. டிரைவர் அப்டேட் பண்ணின பிறகு டிவைஸ் மேனேஜர்ல கோட் 43. பழைய டிரைவருக்குப் போனா கேம்ல கலர் கலரா கட்டம் விழுது.
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: கிரிப்டோ மைனிங்கில் ஓடித் தேய்ந்த கார்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மைனிங் செய்கிறவர்கள் கார்டின் பயாஸில் மெமரி டைமிங்கை இறுக்கி, வோல்டேஜைக் குறைத்து எழுதுவார்கள். மாற்றிய பயாஸை ஏஎம்டி டிரைவர் ஏற்காது. ஏற்க வைக்க ஒரு பேட்ச் போட்டு விற்றிருப்பார்கள். டிரைவரைப் புதுப்பித்ததும் பேட்ச் போய்விட்டது, கோட் 43 வந்துவிட்டது.

முதலில் கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். சில மாடல்களில் சின்னதாக ஒரு பயாஸ் சுவிட்ச் இருக்கும். மெஷினை அணைத்து, சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு எழுப்புங்கள். இரண்டாவது பயாஸ் தொடாமல் இருந்தால் அதோடு முடிந்தது. சுவிட்ச் இல்லையென்றால் ஜிபியு-இசட் மென்பொருளில் இப்போதுள்ள பயாஸை ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அதே திரையில் மெமரி சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா என்றும், ஷேடர் எண்ணிக்கை 2304-ஆ 2048-ஆ என்றும் இருக்கும். 2048 என்றால் அது 580 பெயரில் வரும் குறைந்த ரகம், அதற்கான பயாஸ் தனி. கார்டு கம்பெனி, மாடல், மெமரி மூன்றும் பொருந்தும் ஒரிஜினல் பயாஸைத்தான் ஏற்ற வேண்டும். ஒன்று பிசகினாலும் திரை வராது.

ஒரிஜினல் பயாஸ் ஏற்றிய பிறகு, டிடியு என்ற மென்பொருளை வைத்து சேஃப் மோடில் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கி, புதிதாகப் போடுங்கள். அப்புறம் ஓசிசிடி மென்பொருளில் விரேம் (கார்டின் மெமரி) டெஸ்ட். ஒரு பிழை வந்தாலும் மெமரி சிப் பழுது. மெமரி கிளாக்கை 2000-லிருந்து 1750-க்கு இறக்கினால் கொஞ்ச காலம் ஓடலாம். கார்டைச் சூடு காட்டி எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் கொடுக்காதீர்கள். சில வாரம் பிழைக்கும், பிறகு மொத்தமாகப் போகும். விற்றுத் தள்ளுகிறவருக்குத்தான் அது உதவும்.

கேள்வி: லேப்டாப்ல கேம் ஆரம்பிச்சு இருபது நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் திக்கித் திணறி, சில நேரம் அப்படியே அணைஞ்சிருது.
— வாசகர், பணகுடி

பதில்: ஆனி, ஆடி மேல்காற்றில் உங்கள் ஊரில் புழுதி எதையும் விட்டுவைக்காது. லேப்டாப் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் பஞ்சு போல ஒரு படலம் கட்டியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேயே இருக்கும்; அடிமூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். புளோயரை நேராக ஃபேன் மேல் பிடித்தால் அது வெறியாகச் சுற்றிப் பேரிங் போகும், ஒரு குச்சியால் இறக்கையைத் தடுத்துக்கொண்டு ஊதுங்கள்.

அதற்கு முன், சூடுதானா என்று உறுதிசெய்யுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லாகிங்கைத் தட்டிவிட்டு கேம் ஆடுங்கள். அணைந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள். பிராசசர் 95, 100 என்று தொட்டு நின்றால் சூடு. 75-இல் இருக்கும்போதே அணைந்தால் சார்ஜர் அல்லது பேட்டரி: ஒரிஜினல் 150 வாட் சார்ஜருக்குப் பதில் 90 வாட் போட்டிருந்தால் கேம் நேரத்தில் பேட்டரியும் சேர்ந்து உழைக்கும், அது கிழடு என்றால் கைவிட்டுவிடும். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

பேஸ்ட் மாற்றும்போது விரேம் மேல் இருக்கும் தெர்மல் பேடைத் தூக்கியெறிந்துவிட்டு அங்கும் பேஸ்ட் தடவுகிறவர்கள் உண்டு. இடைவெளி அரை மில்லிமீட்டராவது இருக்கும், பேஸ்ட் எட்டாது. அதே கனத்தில் பேட் போட வேண்டும். அதுவரைக்கும், பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்’ வரி தெரிந்தால் 99 என்று வையுங்கள். டர்போ நிற்கும், சூடு நன்றாகவே இறங்கும்.

கேள்வி: கடலோரம் வீடு. கேம் மட்டும் இல்ல, பெரிய ஃபைல் காப்பி பண்ணினாலும் இப்பல்லாம் ப்ளூ ஸ்கிரீன். ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர் வருது.
— வாசகர், உவரி

பதில்: வேறு வேறு பெயர் வருவதே ரேமுக்கான அடையாளம். உப்புக் காற்றில் ரேமின் தங்கப் பல்வரிசை மங்கி, ஸ்லாட்டோடு தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். கேபினெட் ஸ்குரூக்களில் துரு பூத்திருக்கிறதா பாருங்கள். அங்கே இருந்தால் இங்கேயும் இருக்கும். மெயினை அணைத்து, ரேமைக் கழற்றி, பல்வரிசையை மென்மையான அழிரப்பரால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். சானிடைசர், பெட்ரோல் இரண்டும் கூடாது.

பிறகு மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து 4 பாஸ் (முழுச் சுற்று) ஓடவிடுங்கள். 16 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். அப்போது ஒரு ஸ்டிக்கை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். அடுத்து மற்றதை அதே ஸ்லாட்டில். ஒன்று மட்டும் பிழை தந்தால் அந்த ஸ்டிக் போச்சு. இரண்டும் தந்தால் ஸ்லாட்டையோ பிராசசரையோ பாருங்கள். தனித்தனியாக நன்றாக இருந்து சேர்த்தால் மட்டும் பிழை என்றால் இரண்டும் ஜோடி சேரவில்லை. எக்ஸ்எம்பியை அணைத்தே ஓட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கென்றால் அவை உட்கார வேண்டியது இரண்டிலும் நான்கிலும்.

கடற்கரையில் மாதக்கணக்கில் மூடிவைக்கும் மெஷினைவிடத் தினம் ஒரு மணி நேரம் ஓடும் மெஷின் நீடிக்கும். உள்ளே இளஞ்சூடு இருந்தால் ஈரம் தங்காது.

கேள்வி: யாரோ சொன்னாங்கன்னு பேஜ் ஃபைலை அணைச்சேன். 16 ஜிபி ரேம் இருக்கே? அதுக்கப்புறம் ரெண்டு கேம் பாதியில மூடுது.
— வாசகர், கடையநல்லூர்

பதில்: திரும்ப இயக்குங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பிடித்துவைக்கும் இடம்தான் பேஜ் ஃபைல். கேம் உண்மையில் எடுத்துக்கொள்ளும் மெமரியைவிடக் கேட்டு ஒதுக்கி வைப்பது மிக அதிகம். ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த வரம்பைத் தாண்டிக் கேட்டால் விண்டோஸ் இல்லையென்று சொல்லும், கேம் மூடிக்கொள்ளும். ரேமில் நாலு ஜிபி காலியாகத் தெரியும்போதே இது நடக்கும். சிஸ்டம் பகுதியில் 2004 என்ற எண்ணில் ‘ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன்’ என்று இருந்தால் இதுதான். அந்த நேரத்தில் மெமரியை அதிகம் பிடித்திருந்த மூன்று புரோகிராம்களின் பெயரும் அதில் இருக்கும். பர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸில் வெர்ச்சுவல் மெமரிக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ டிக்கைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பேஜ் ஃபைல் எஸ்எஸ்டியிலேயே இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் மூடுவது நிற்கும், ஆனால் கேம் திக்கித் திக்கித்தான் ஓடும்.